உப்புக் கணக்கும் வெள்ளக் கணக்கும்: பேராசிரியர் மகலனோபிஸ்

வன்னியம்பட்டி பக்கம் கண்மாய்ப் பாசன வயல்களில் நெல் முற்றி அறுப்புக்கு நிற்கும் நேரத்தில், அளவு நாடாவும் தராசுமாக அலுவலர்கள் வந்து இறங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எல்லா வயலையும் அவர்கள் தொடுவதில்லை. குலுக்கல் முறையில் விழுந்த சில சர்வே எண்களுக்குப் போவார்கள். அங்கே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு, அதில் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். மழை பொய்த்த ஆண்டில் காப்பீட்டுத் தொகை வருமா, வந்தால் எவ்வளவு என்பதை அந்தச் சில சதுரங்கள்தான் முடிவு செய்கின்றன.

கொஞ்சத்தை அளந்து முழுவதையும் கணிக்கும் இந்த வழக்கத்தை நம் நாட்டு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913இல் இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பராக வாய்த்தவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். ஒருநாள் ராமானுஜன் அடுப்படியில் காய்கறி வதக்கிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? மகலனோபிஸ் போட்டுப் பார்த்து ஒரு விடை கண்டிருந்தார். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, எத்தனை வீடுள்ள தெருவானாலும் பொருந்தும் விடைகள் எல்லாவற்றையும் தரும் ஒரே சூத்திரத்தைச் சொல்லிவிட்டார்.

1915இல் படிப்பு முடிந்தது. போர்க்காலம் என்பதால் ஊர் திரும்பும் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். மகலனோபிஸ் மொத்தத்தையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தாலும் மனம் புள்ளியியலில் நின்றுவிட்டது.

அவர் கணக்கின் பலனை அரசு முதலில் உணர்ந்தது வெள்ளத்தில்தான். 1922இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். பெரும் செலவில் தேக்கங்கள் கட்டி நீரைத் தடுத்து நிறுத்தலாம் என்று யோசனை வந்தது. அவர் சுமார் ஐம்பது ஆண்டு மழை, வெள்ளக் கணக்கை எடுத்துப் பார்த்து, தேக்கம் பயன்படாது, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்றார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். சுமார் அறுபது ஆண்டுப் பதிவுகளைப் பார்த்த மகலனோபிஸுக்குப் படுகை உயர்ந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. மேற்பகுதியில் பெய்த அளவு மீறிய மழைதான் காரணம், அணை கட்ட வேண்டியது அங்கேதான் என்றார். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதற்கு மாறாகப் பழைய பதிவேடு பேசியது.

1931 டிசம்பரில், கல்லூரியிலேயே ஓர் அறையில், இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937 முதல் சணல் பயிரை மாதிரிக் கணக்கெடுப்பில் மதிப்பிட்டார்கள். வயல் வயலாக எல்லாவற்றையும் எண்ணும் முறையோடு ஒப்பிட்டபோது, இதற்கு ஆன செலவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. விடையோ வணிகர்களின் கணக்குக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. ஆட்கள் குறைவு என்பதால் நன்றாகப் பயிற்சி கொடுக்க முடிந்தது, தவறும் குறைந்தது. எல்லாம் அவர் சொன்னபடியே அமைந்தது என்று சொல்ல முடியாது. அறுத்துப் பார்க்கும் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் ஓரத்துப் பயிரும் உள்ளே வந்து விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று பி.வி. சுகாத்மே வாதிட்டார். அந்த வாதத்தில் சுகாத்மே பக்கமே நியாயம் இருந்தது.

அடுத்து வருவது நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 1947இல் டெல்லிக் கலவரத்தின்போது உயிருக்கு அஞ்சிய முஸ்லிம்கள் செங்கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரர்களிடம் தரப்பட்டது. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, போய் எண்ணவும் முடியாது. ஒப்பந்தக்காரர்கள் தந்த பில்களோ ஏறிக்கொண்டே போயின.

அரசு புள்ளியியலாளர்களைக் கேட்டது. வழி கண்டவர் மகலனோபிஸின் கழகத்தோடு நீண்ட காலம் தொடர்புடைய ஜே.எம். சென்குப்தா. ஒரு மனிதர் நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு சாப்பிடுவார் என்பது பழைய ஆய்வுகளில் இருந்தது. பில்லில் உள்ள அளவை அதனால் வகுத்தால் ஆள் கணக்கு வந்துவிடும். அரிசியை வைத்து வகுத்தால் மிகப் பெரிய எண் வந்தது, உப்பை வைத்து வகுத்தால் மிகச் சிறிய எண். அரிசி விலை கூடிய பொருள், கூட்டி எழுதினால் லாபம் உண்டு. உப்போ அடிமாட்டு விலை, அதில் பொய் எழுதி என்ன கிடைக்கப்போகிறது? ஆகவே உப்புக் கணக்கையே ஏற்கச் சொன்னார்கள். சிறிய முகாமான ஹுமாயூன் கல்லறையில் அதே முறையைச் சோதித்தபோது, தனியாகக் கணித்த எண்ணிக்கையோடு அது ஒத்துப்போனது.

1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதில் மகலனோபிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளமும் அவர் போட்ட கணித மாதிரிதான். கனரகத் தொழிலில் முதலீட்டைக் குவித்தால் நாளடைவில் நாடே வேகமாக வளரும் என்றது அது. ஆனால் வெளிநாட்டு வணிகத்துக்கு அந்தக் கணக்கில் உரிய இடம் இல்லை. இயந்திரங்களை இறக்குமதி செய்யச் செய்ய, 1957 வாக்கில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கழுத்தைப் பிடித்தது. வெள்ளத்தில் பழைய பதிவேட்டை அவ்வளவு துருவிப் பார்த்தவர் இதில் கோட்டை விட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1972 ஜூன் 28 அன்று, 79ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலமானார். அவர் பிறந்த நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

அவர் வளர்த்த கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டு வருபவர்களை நம் வீடுகளில் சிலர் சந்தேகத்தோடு வாசலிலேயே திருப்பி அனுப்புவதுண்டு. 2006இல் சச்சார் குழு, முஸ்லிம்களின் கல்வியும் வேலையும் வருமானமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நாட்டுக்கு எடுத்துக் காட்டியபோது, மக்கள்தொகைக் கணக்கோடு அது நம்பி நின்றது 2004-05இல் எடுக்கப்பட்ட இந்த மாதிரிக் கணக்கெடுப்பைத்தான். அந்த ஆண்டு நாடு முழுவதும் கதவைத் திறந்து பதில் சொன்ன குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.