பௌதிகம் சொல்லித் தந்த பத்திரிகைக்காரர்

1899-ம் ஆண்டு. ருஷியாவில் ஒரு புரளி கிளம்பியது. நவம்பர் மாதம் வானத்திலிருந்து நெருப்பு மழை பொழியும், அன்றோடு உலகம் அழிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். ஜனங்கள் நடுங்கினார்கள்.

அந்தச் சமயத்தில், கிராட்னோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வரப்போவது நெருப்பு மழை அல்ல, வெறும் எரிநட்சத்திரங்களே என்று கட்டுரை விளக்கியது. எரிநட்சத்திரம் என்பது என்ன? பெரும்பாலும் மணல் பருமனே உள்ள சிறு துகள். காற்று மண்டலத்துக்குள் வேகமாகப் பாய்ந்து வரும். சூடேறி, தரைக்கு வெகு உயரத்திலேயே எரிந்து போகும். அதனால் யாருக்கு என்ன ஆபத்து?

நவம்பர் வந்தது, போயிற்று. உலகம் இருந்தபடியே இருந்தது.

கட்டுரையை எழுதியது யார்? பேராசிரியரா? இல்லை. 16 வயதுப் பள்ளிக்கூடப் பையன்! அவன் பெயர் யாகவ் பெரெல்மான்.

தகப்பன் இல்லாத பிள்ளை

பெரெல்மான் 1882-ல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ருஷியப் பேரரசில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தகப்பனார் ஒரு துணி ஆலையில் கணக்கர். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் அவர் இறந்துவிட்டார். தாயார் பள்ளி ஆசிரியை. அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது.

1901-ல் பெரெல்மான் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய், காட்டிலாகா உத்தியோகத்துக்கான கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே 'இயற்கையும் மனிதர்களும்' என்ற பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். 1909-ல் பட்டம் கிடைத்தது. ஆனால் ஒரு நாள்கூட அவர் காட்டிலாகா வேலைக்குப் போகவில்லை. பத்திரிகை ஆபீசிலேயே தங்கிவிட்டார். கதை, கணக்கு, வான சாஸ்திரம் எல்லாம் எழுதினார்.

கையில் பிடித்த குண்டு

1913-ல் அவருடைய 'பொழுதுபோக்குப் பௌதிகம்' வெளிவந்தது. பரீட்சைக்காக உருப்போடுகிற பௌதிகம் அல்ல இது. வீட்டிலும் தெருவிலும் நாம் தினமும் பார்த்தும் கவனிக்காமல் விட்ட பௌதிகம்.

அந்த நூலில் வரும் ஒரு சங்கதியைக் கேளுங்கள். முதலாவது மகாயுத்தத்தின்போது ஒரு பிரெஞ்சு விமானி வானத்தில் பறந்துகொண்டிருந்தார். முகத்துக்குப் பக்கத்தில் ஏதோ பூச்சி பறப்பதுபோல் இருந்தது. எட்டிப் பிடித்தார். பார்த்தால், எதிரி சுட்ட துப்பாக்கிக் குண்டு!

நடக்கக்கூடியதா? நடக்கக்கூடியதுதான் என்கிறார் பெரெல்மான். இரண்டு ரயில்கள் பக்கம் பக்கமாக ஒரே வேகத்தில் போனால், அடுத்த ரயிலில் இருப்பவர் நமக்கு நிற்பதுபோலத்தான் தெரிவார். குண்டும் அப்படியே. காற்றின் தடையால் அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் விமானத்தின் வேகமும் குண்டின் வேகமும் ஒன்றாகிவிட்டால், விமானிக்குக் குண்டு அசையாமல் நிற்கும். கையால் பிடிக்கலாம். ஆனால் உறை போட்டுக்கொள்வது நல்லது; குண்டு சுடும்!

காகிதப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், காகிதம் எரியாது என்றும் காட்டினார். காகிதத்தின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கும் அல்லவா?

க்வோல்சன் என்ற பெரிய பௌதிகப் பேராசிரியர் இந்தப் புத்தகத்தைப் படித்தார். எழுதியவர் காட்டிலாகாப் படிப்பு படித்தவர் என்று கேட்டு ஆச்சரியப்பட்டார். எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று பெரெல்மானைக் கேட்டுக்கொண்டார்.

கலூகா வாத்தியார்

அந்தக் காலத்தில் கலூகா என்ற சிற்றூரில் காது மந்தமான பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ராக்கெட்டில் ஏறி ஆகாயத்தைத் தாண்டலாம் என்று கணக்குப் போட்டு எழுதிவந்தார். அவர்தான் ஸியோல்கோவ்ஸ்கி. அவரைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே. அந்தச் சிலரில் பெரெல்மான் ஒருவர். 1915-ல் கிரகங்களுக்குப் பயணம் போவது பற்றி, பாமரருக்கும் புரியும்படி ஒரு புத்தகம் எழுதினார். 1935-க்குள் அது பத்துப் பதிப்பு கண்டது. ஆகாயம் போக ஆசைப்பட்ட வாலிபர்கள் பலர் முதலில் கையில் எடுத்தது இதைத்தான்.

யுத்தத்தில் விளக்குக்கும் அடுப்புக்கும் எரிபொருள் பஞ்சம் வந்தது. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தால் மாலை வெளிச்சம் மிச்சமாகும் என்று யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1917-ல் சர்க்கார் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது.

தொட்டுப் பார்க்கலாம்!

1935 அக்டோபரில் லெனின்கிராடு நகரில், பான்டாங்கா நதிக்கரையில் இருந்த பழைய பிரபு மாளிகையில், பெரெல்மானும் நண்பர்களும் ஒரு காட்சி சாலை திறந்தார்கள். பெயர் 'பொழுதுபோக்கு விஞ்ஞான மாளிகை'.

பொருட்காட்சி என்றால் தொடாதே என்று பலகை தொங்கும். இங்கே எதையும் தொடலாம், திருப்பலாம், ஆட்டிப் பார்க்கலாம். பத்து லட்சம் என்றால் எவ்வளவு? வாயால் சொல்லிவிடலாம், கண்ணால் பார்த்தவர் யார்? ஒரு அறையின் மேற்கூரையில் கருநீல நிறத்தில் சரியாகப் பத்து லட்சம் மஞ்சள் வட்டங்களை வைத்திருந்தார்கள். குழந்தைகள் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தார்கள்.

1941 ஜூனில் ஜெர்மனி ருஷியாவின்மீது படையெடுத்தது. மாளிகை மூடப்பட்டது. அது மறுபடி திறக்கவே இல்லை.

பசியிலும் பாடம்

செப்டம்பரில் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. நவம்பர் 20 முதல் ஐந்து வாரம், குழந்தைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் நாள் ஒன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான். அதிலும் கலப்படம். கடுங்குளிர் வேறு. வீட்டு வாசலிலேயே ஜனங்கள் விழுந்து இறந்தார்கள்.

பெரெல்மானுக்கு அப்போது வயது 59. எழுதுவதற்குப் பத்திரிகை இல்லை. காட்டுவதற்கு மாளிகை இல்லை. ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். ராணுவ வீரர்களுக்கும் கடற்படையினருக்கும் பாடம் சொல்லப் புறப்பட்டார். கருவி இல்லாமல் திசை அறிவது எப்படி? எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கண்ணாலேயே கணிப்பது எப்படி? இரவில் எதிரியின் எல்லைக்குள் நுழைகிற வேவு வீரனுக்கு இது உயிர் காக்கும் பாடம். பொழுதுபோக்காக எழுதிய விஷயங்கள்தாம் இவை! பனியில் நடந்து போய் நடந்தே திரும்பினார்.

அவர் மனைவி அன்னா ஒரு டாக்டர். 1942 ஜனவரி 18-ல் பசிக்கு அவர் பலியானார். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 16-ல் பெரெல்மானும் பட்டினியால் இறந்தார்.

பிற்காலத்தில் மாஸ்கோ பதிப்பகம் அவருடைய பௌதிக நூலைத் தமிழிலும் அச்சிட்டு அனுப்பியது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதைப் படித்திருக்கிறார்கள்.

சந்திரனின் மறுபக்கம் பூமியிலிருந்து பார்த்தால் தெரியாது. 1959-ல் ருஷிய விண்கலம்தான் அதை முதன்முதலில் படம் பிடித்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்கு ஸியோல்கோவ்ஸ்கி என்று பெயர். இன்னொரு பள்ளத்துக்குப் பெரெல்மான் என்று பெயர்.