முவத்தாவைச் சட்டமாக்க மறுத்த இமாம்

இமாம் மாலிக் பின் அனஸ் (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜுக்காக அன்றி மதீனாவை விட்டு வெளியே சென்றதில்லை என்பர். ஹிஜ்ரி 93 வாக்கில் பிறந்து, நாஃபிஉ (ரஹ்), இப்னு ஷிஹாப் ஸுஹ்ரீ (ரஹ்) போன்ற பெரியோர்களிடம் ஹதீஸ் கற்று, மஸ்ஜிதுந் நபவியிலேயே பாடம் நடத்தி வந்தார்கள்.

வற்புறுத்தலால் சொன்ன தலாக் செல்லாது என்பது அன்னாரின் ஃபத்வா. வீட்டு விவகாரந்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஹிஜ்ரி 145ல் (கி.பி. 762) மதீனாவில் கிளர்ச்சி எழுந்தபோது, வற்புறுத்தி வாங்கிய பைஅத்தும் செல்லாது என்று மக்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். பின்னர் ஆளுநர் ஜஅஃபர் பின் ஸுலைமான் இமாமவர்களைப் பிடித்துச் சாட்டையால் அடிக்கச் செய்தார். தோள்மூட்டு நழுவுமளவுக்கு அடி விழுந்தது. ஃபத்வா மட்டும் மாறவில்லை.

அதே ஆட்சியின் கலீஃபா மன்சூர்தான் பிறகு ஒரு கோரிக்கையோடு வந்தார். அக்காலத்தில் ஒரே வழக்குக்கு ஊருக்கொரு காழி வெவ்வேறு தீர்ப்புச் சொல்லி வந்தனர். இதை ஒழுங்கு செய்ய வேண்டுமென்று இப்னுல் முகஃப்பஃ என்ற எழுத்தாளர் கலீஃபாவுக்கு முன்பே எழுதியிருந்தார். எனவே இமாமவர்களின் முவத்தாவைப் பிரதியெடுத்து எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, அதன்படியே அனைவரும் நடக்க வேண்டுமெனக் கட்டளையிட மன்சூர் விரும்பினார். கேட்டது ஹாரூன் ரஷீத் என்போரும் உண்டு.

எந்த ஆசிரியருக்குத்தான் இது கசக்கும்? இமாமவர்கள் மறுத்துவிட்டார்கள். ஸஹாபாக்கள் பல நாடுகளுக்கும் பரவிச் சென்று, தாம் அறிந்ததைக் கற்பித்தார்கள். அந்தந்த நாட்டினர் அதைப் பற்றிப்பிடித்து வாழ்கிறார்கள். அதிலிருந்து அவர்களைத் திருப்புவது கடினம் என்று விளக்கினார்கள்.

இத்தனைக்கும் மதீனாவாசிகளின் நடைமுறையே வலுவான ஆதாரம் என்பது அன்னாரின் உறுதியான கொள்கை. அதற்கு மாறாக ஃபத்வா கொடுப்பதாக மிஸ்ரு நாட்டு இமாம் லைஸ் பின் ஸஅத் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். அவர்களும் ஸஹாபாக்கள் பல நாடுகளுக்குச் சென்றதை எடுத்துக்காட்டியே மரியாதையோடு மறுப்பு எழுதினார்கள். கடிதத்தால் வாதாடலாம், கலீஃபாவின் ஆணையால் வாயடைக்கக் கூடாது. இமாமவர்கள் வகுத்த எல்லை இதுவென்றே எனக்குப் படுகிறது.

முவத்தாவை மனனம் செய்துகொண்டு அன்னாரிடம் வந்த இளைஞர்தான், நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். ஆசிரியரின் கருத்துகள் பலவற்றுக்கு மாற்றுக் கருத்தை அவர்கள் பிற்காலத்தில் எழுதினார்கள்.

ஹிஜ்ரி 179ல் (கி.பி. 795) இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவிலேயே வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டார்கள். ஆணை எதுவுமின்றியே முவத்தா கைரவான் வரையிலும் குர்துபா வரையிலும் மாணவர்களின் கைகளில் போய்ச் சேர்ந்தது.