பனிச்சரிவும் நெய்யூர் மருத்துவரும்

பனிமலையை நான் நேரில் கண்டதில்லை. ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் சீவிப் போடுவதோடு என் பனி அனுபவம் முடிகிறது. ஆனாலும் பனிச்சரிவில் உயிர் தப்பிய ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். என் பாட்டியின் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். நெய்யூர் ஆஸ்பத்திரி என்ற பெயர் தமிழ்ப்பள்ளிக்குப் போகுமுன்பே என் காதில் விழுந்தது. அங்கே அறுவை சிகிச்சை செய்தவர் எவரெஸ்டில் ஏறியவர் என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஹோவர்ட் சாமர்வெல் 1890இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். காலணி தயாரிக்கும் குடும்பம். கேம்பிரிட்ஜில் பயின்று மருத்துவரானார். முதல் உலகப் போரில், சோம் போர்முனையில் காயமுற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஓவியமும் இசையும் கைவந்தவர். அதற்குத் தனிக்கட்டுரை வேண்டும்.

1922 ஜூன் 7. மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்ட் மூவரும் 14 சுமைதூக்கிகளுடன் எவரெஸ்டின் வடக்குக் கணவாயை நோக்கி ஏறினர். முந்தைய நாட்களில் புதுப்பனி கொட்டியிருந்தது. அவர்கள் கண்மூடித்தனமாகப் போகவில்லை. செங்குத்தான ஓரிடத்தில் மிதித்துச் சோதித்தார்கள், பனி அசையவில்லை. ஏமாற்றம் அங்கேதான் இருந்தது. புதுப்பனி பலகைபோல் இறுகிக் கிடந்தாலும், அடியிலுள்ள பழைய பனியோடு எல்லா இடத்திலும் ஒரேபோல் ஒட்டியிருக்காது. ஓரிடம் தாங்கும், சற்றுத் தள்ளி அடியடுக்கு பலவீனமாக இருக்கும். அங்கே பாரம் விழுந்தால் விரிசல் சரிவு முழுவதும் ஓடிவிடும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது என்பதை இன்று அறிவோம். அன்று அந்த அறிவு வளரவில்லை.

பனி உடைந்தது. முன்னே சென்ற ஆங்கிலேயர் மூவரும் புதையுண்டும் வெளியே வந்துவிட்டனர். பின்னால் வந்த ஒன்பது சுமைதூக்கிகளைச் சரிவு பனிப்பாறை விளிம்புக்கு அப்பால் தள்ளியது. தோண்டியதில் இருவர் பிழைத்தனர். ஏழு பேர் மாண்டனர். இறந்தவர்களில் ஓர் ஆங்கிலேயர்கூட இல்லையே என்பதுதான் சாமர்வெல்லை வாட்டியது. முடிவெடுத்தவர்கள் இவர்கள், பலியானவர்கள் சுமந்தவர்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு இது புரியாத கணக்கன்று.

பயணம் முடிந்து அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையில், தாங்க முடியாத நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே பணிக்கு வந்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்ட். அதே கணவாயில் நான்கு சுமைதூக்கிகள் இறங்க முடியாமல் சிக்கிக்கொண்டனர். மீண்டும் புதுப்பனி, மீண்டும் அதே அபாயம். நார்டனும் மல்லோரியும் கயிற்றைப் பிடிக்க, கடுமையான இருமலோடு சாமர்வெல் சரிவைக் குறுக்கே கடந்தார். கயிறு சில கெஜம் போதவில்லை. முதலில் இருவர் அவரிடம் வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் ஒன்றாகக் கால்வைக்க, பனி பெயர்ந்து சறுக்கினர். விளிம்புக்கு அருகில் நின்றனர். அவர் பனிக்கோடரியை ஊன்றினார். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றினார். ஒரு கையால் கயிற்றைப் பற்றி, மறுகையை எட்டி நீட்டி, ஒவ்வொருவராக இழுத்தார்.

நால்வரும் உயிரோடு முகாமுக்கு இறங்கினர்.

சில நாட்களில் அவர் நார்டனோடு ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்துத் திரும்பினார். பிறகு நெய்யூர், அதன்பின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1961இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1975இல் காலமானார்.