சர் சி.வி. ராமனும் நம்ம வீட்டு லைட்டும்



காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஸ்ரீரங்கம், ஒரு பக்கம் திருவானைக்காவல். அந்தத் திருவானைக்காவலில் தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்தவர்தான் சர் சி.வி. ராமன். வெளிச்சத்தையே தன் வாழ்க்கையாக்கிக் கொண்டவர். நாமெல்லாம் அதே ஊர்க்காரர்கள். ஆனால் பட்டப்பகலில் ட்யூப் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மின்துறை மாணவன் என்ற முறையில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

ராமன் குழந்தையாக இருக்கும்போதே அவருடைய அப்பா சந்திரசேகரனுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போய்விட்டது. கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த அப்பா. வீடு நிறைய புத்தகம். பதினொரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் பாஸ். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. இரண்டிலும் முதன்மை. பதினெட்டு வயதில், அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயதில், ஒளி பற்றிய அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது!

ஆனால் அந்தக் காலத்தில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க முடியாது. நிதித்துறைப் பரீட்சை எழுதினார். அதிலும் முதலிடம். 1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலையில் சேர்ந்தார். நல்ல சம்பளம், பெரிய பதவி. ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் ஆரம்பித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். உள்ளே போய்ப் பார்த்தால் கருவிகள் இருக்கின்றன, உபயோகிக்கத்தான் ஆளில்லை. அன்றிலிருந்து காலையில் ஆபீஸுக்கு முன்னால் லேப், சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் லேப். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலானபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. இப்படி பத்து வருஷம். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் குறைவு. இருந்தும் அரசாங்க வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். எங்களுக்கு அரசாங்க வேலை என்பது சாமி வரம் மாதிரி. அதை விட்டுவிட்டு வருவதெல்லாம் பின்னால் தாங்க ஆள் இருப்பவர்களுக்குத்தான் என்று முதலில் தோன்றியது. ஆனால் அவர் எடுத்தவுடனே வேலையை விடவில்லையே! பத்து வருஷம் சம்பளத்தையும் பார்த்தார், ஆசையையும் பார்த்தார். அந்தப் பத்து வருஷம்தான் நம்மைப் போன்றவர்களுக்கான பாடம் என்று இப்போது நினைக்கிறேன்.

1921-ல் அவர் இங்கிலாந்து போய் வந்த கப்பல் பயணம் முக்கியமானது. மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அசந்து போனார். வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளே சொல்லி வந்தார்கள். ராமன் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. அதை வைத்துப் பிரதிபலித்து வரும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று புரிந்தது. திரும்பி வந்து ஏழு வருஷம் அதே வேலை.

அந்த ஆராய்ச்சிக்கு அவர் உபயோகித்த விளக்கு எது தெரியுமா? சூரியன்தான்! வெயிலைப் பெரிய தொலைநோக்கி லென்ஸால் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார். வெளியே சிதறி வருவதை மஞ்சள் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார். நிறம் மாறாமல் இருந்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. 1923-லேயே அவருடைய குழுவில் கே.ஆர். ராமநாதன் இதைக் கவனித்திருந்தார். அப்போது அதை ஒளிர்தல், அதாவது ஃபுளோரசென்ஸ் என்று நினைத்தார்கள். ஒரு நிறத்தை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தைக் கக்குகிற பொருள்கள் உண்டு. திரவத்தில் அப்படி ஏதோ அழுக்கு கலந்திருக்கும் என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். வெளிச்சம் போகவில்லை. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமனும் சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. 1928 பிப்ரவரி 28-ல் நிறமாலை காட்டி வழியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். அப்புறம் பாதரச ஆவி விளக்கு வைத்துப் பார்த்தபோது, விளக்கின் கோடுகளுக்குப் பக்கத்தில் புதிய கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அதுதான் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. அறிவியலில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் நோபல்.

ராமன் பல்பு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் வரும் சாமான்கள் எல்லாம் நம்ம வீட்டில் இருக்கின்றன, தோழர்களே! ட்யூப் லைட்டுக்குள் இருப்பது அதே பாதரச ஆவிதான். அது தரும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை, குழாயின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி வாங்கி வெளிச்சமாக்குகிறது. ராமன் தன் சோதனையில் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த ஒளிர்தல்தான் இங்கே வேலையே செய்கிறது. வெள்ளை எல்.இ.டி.யும் அப்படித்தான். உள்ளே இருப்பது நீல விளக்கு. மேலே மஞ்சள் பூச்சு. பூச்சு கொஞ்சம் நீலத்தை மஞ்சளாக்க, மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-ல் நோபல் வாங்கினார்கள்.

பழைய குண்டு பல்போ இழையைச் சூடாக்கி எரிகிறது. வாங்கும் கரண்டில் நூற்றில் ஐந்து பங்கு அளவுதான் வெளிச்சம், மிச்சமெல்லாம் சூடு. 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தரும். 9 வாட் எல்.இ.டி. சுமார் 900 லூமென் தரும். வாட் என்பது செலவு, லூமென்தான் வரவு. கடையில் நாம் செலவை மட்டும் கேட்டு வாங்குகிறோம்! 40 வாட் ட்யூபிலும் ஒரு ரகசியம் உண்டு. பழைய செப்புக்கம்பி சோக் தனியாக 10 வாட்டுக்கு மேல் சாப்பிட்டுவிடும். 2015-ல் ஆரம்பித்த உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய நீள வீட்டில் பின்பக்கப் போர்ஷன். அம்மா பூ கட்டுகிறார். இரண்டு 60 வாட் பல்பு, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 36 யூனிட். 9 வாட் எல்.இ.டி. மாற்றினால் ஐந்தரை யூனிட்டுக்கும் கீழே. மிச்சம் 30 யூனிட்! எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் முதலில் மாட்டிய மலிவு பல்பை அம்மா இரண்டே நாளில் கழற்றச் சொல்லிவிட்டார். கனகாம்பரம் வாடினதா வாடாததா தெரியவில்லை என்றார். ராமன் கடைசிக் காலத்தில் தோட்டத்து ரோஜாக்களின் நிறத்தை ஆராய்ந்து, கண் எப்படி நிறம் பார்க்கிறது என்று 1968-ல் ஒரு புத்தகமே எழுதியவர். அவருக்கு அம்மாவின் குறை உடனே புரிந்திருக்கும். சிவப்பு குறைவான வெளிச்சத்தில் சிவந்த பூ சோர்ந்துதான் தெரியும். டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 80-க்கு மேல் இருந்தால் நல்லது, 90 என்றால் இன்னும் நல்லது. அதைப் பார்த்து வாங்கியதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பாராட்டு.

ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். 1937-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, 1948 வரை பேராசிரியராக இருந்தார். ஓய்வு பெற்றதும் சொந்தமாக ராமன் ஆராய்ச்சி நிலையம். கட்டிடம் வந்துவிட்டது, கரண்ட் வரவில்லை. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. வெயிலைக் கண்ணாடி வைத்துத் திருப்பி இருட்டறைக்குள் கொண்டுவந்து சோதனையை ஆரம்பித்துவிட்டார்! நோபல் வாங்கியவர், அறுபது வயதில். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் காலமானார். அந்த நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. நீள வீட்டின் நடுவில் முற்றம் வைத்தார்கள். ஓட்டுக்கு நடுவே கண்ணாடி ஓடு வைத்தார்கள். பிறகு இடம் போதாமல் முற்றத்தைத் தகரம் போட்டு மூடினோம். நடுப்பகலில் லைட் போட ஆரம்பித்தோம். எங்கள் வீட்டுக்கார மாமியிடம் கேட்டு, நானும் அப்பாவும் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் விடுகிற ஃபைபர் ஷீட் போட்டோம். இப்போது சாயங்காலம் ஐந்தரை வரை எங்கள் போர்ஷனில் சுவிட்சைத் தொடுவதில்லை.

தோழர்களே, நாளைக்கு நம்மில் பலர் வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒயரிங் போடப் போகிறோம். எத்தனை பாயின்ட் என்று கேட்பதற்கு முன்னால், ஜன்னல் எங்கே, சுவரின் நிறம் என்ன, அங்கே உட்காருகிறவர் என்ன வேலை செய்வார் என்று கேட்போம். முதலில் சூரியன், அப்புறம் எல்.இ.டி. அதுவும் தேவையான இடத்தில், தேவையான அளவு. ராமன் வீட்டில் இருந்த புத்தகம் நம் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அவர் லென்ஸில் விழுந்த வெயில் நம் கூரை மேலும் விழுகிறது. அதற்கு எந்த மீட்டரும் ஓடாது.

— மூன்றாம் ஆண்டு, மின்துறை