ஒட்டாவா ஒப்பந்தமும் ஷண்முகம் செட்டியாரும்

ஸர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரைக் கோயமுத்தூர்க்காரர் என்றே தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. 1892-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவர் பிறந்தது அந்த நகரில்தான். ஆயினும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் அவரைத் தங்களுக்கும் உரியவராகக் கருதக் காரணமுண்டு. டில்லி சட்டசபையில் அவர் வகித்து வந்த ஸ்தானம் சேலம், கோயமுத்தூர், வடாற்காடு என்ற மூன்று ஜில்லாக்களையும் சேர்த்து அமைத்த முகம்மதியரல்லாத கிராமாந்தரத் தொகுதிக்கு உரியது. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து கிடக்கும் பழைய வடாற்காட்டின் குடியானவர்களுக்கு, 1923-ம் வருஷத் தேர்தல் முதல் ஏறக்குறையப் பத்து வருஷ காலம், டில்லியில் வாய் அவர்தான்.

பல தேசங்கள் ஒன்றுகூடி வெளிநாட்டில் செய்துகொள்ளும் ஏற்பாடு, ஒரு தேசத்தின் உள்ளே கட்சிகளையும் வர்க்கங்களையும் எவ்வாறு புதிதாகப் பிரித்து வைக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அவருடைய வாழ்க்கையை ஆராய வேண்டும். அப்படிப்பட்ட ஏற்பாட்டைச் சுமந்து வீடு திரும்பிய மனிதர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அவருடைய ஆரம்ப வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் சட்டக் கலாசாலையிலும் படித்தார். கோயமுத்தூர் நகரசபையில் உப தலைவராக இருந்து, ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் 1920-ல் சென்னைச் சட்டசபை புகுந்தார். பின்னர் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து டில்லியில் அதன் தலைமைக் கொறடாவாகவும் இருந்தார். புள்ளி விவரமும் நாணய விவகாரமும் அவருக்கு மனப்பாடம். மேடையில் உணர்ச்சியைக் கிளப்பும் வன்மை அவருக்கு இல்லை. வேண்டுமென்று அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை. 1931-ல் டில்லி சட்டசபையின் உப அக்கிராசனரானார்.

அக்காலத்தில் வடாற்காட்டின் நிலை என்ன? பாலாற்றங்கரையில் ஊருக்கு ஊர் தோல் ஷாப்புகள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்தை அடையும். உள்நாட்டுப் பட்டை போதாமல் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கிற்று. நமது ஏழைத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்புத் தோட்டங்களில் மாண்ட அதே நேட்டால்தான் அது. பட்டை வருவது சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையிலிருந்து. தோல் போவது அதன் தலைநகருக்கு. முதல் உலக யுத்தத்தில் அத்தோல் சிப்பாய்களின் பூட்ஸாக மாறிற்று. ஆம்பூர் வியாபாரி ஒரு நாளும் ஊரைவிட்டு நகராவிட்டாலும் அவருடைய லாப நஷ்டம் லண்டனில் நிச்சயமாயிற்று.

1919-ல் இந்திய சர்க்கார் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வீதம் வரி போட்டனர். யுத்தத்துக்கு முன் கச்சாத் தோல் வியாபாரத்தில் ஜெர்மானியருக்கு இருந்த செல்வாக்கை ஒடிப்பதும், இங்குள்ள ஷாப்புகளுக்குத் தோல் மலிவாகக் கிடைக்கச் செய்வதும் நோக்கம் என்றனர். ஆனால் அத்தோல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே பதனிடப்படுமானால் வரியில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்பட்டது. அதாவது இங்கிலாந்துத் தோல் முதலாளிக்கு 5 வீதம். ஹாம்பர்க் முதலாளிக்கு 15 வீதம். ஆம்பூருக்குக் கிடைத்த பாதுகாப்பு ஜெர்மனிக்கு எதிராகத்தான். உண்மையான போட்டியாளராகிய இங்கிலாந்துக்கு எதிராக அற்பமே. 1923-ல் சலுகையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 5 வீதமாக்கினர். கச்சாத் தோலை விற்கும் கல்கத்தா வர்த்தகருக்கும், பதனிட்டு விற்கும் சென்னை மாகாணத்தாருக்கும் இந்த வரியைப் பற்றி மூண்ட பகை நெடுங்காலம் தீரவில்லை.

1932-ல் பிரிட்டன் தன் பழைய சுதந்தர வர்த்தகக் கொள்கையைக் கைவிட்டு, அந்நியச் சரக்குகளுக்குப் பொதுவாக 10 வீத இறக்குமதி வரி விதித்தது. சாம்ராஜ்ய நாடுகளுக்கு அதிலிருந்து விலக்குத் தருவதானால் பதிலுக்கு அவை பிரிட்டிஷ் சரக்குக்குச் சலுகை காட்ட வேண்டும் என்பது அதன் எண்ணம். அதற்காகக் கனடாவின் ஒட்டாவா நகரில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மகாநாடு கூடிற்று. ஸர் அதுல் சாட்டர்ஜி தலைமையில் சென்ற இந்தியத் தூதுக் கோஷ்டியில் ஷண்முகம் செட்டியாரும் ஒருவர். ஆகஸ்டு 20-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை வீதமும், வேறு பல சரக்குகளுக்கு 10 வீதமும் பிரிட்டனுக்கு இந்தியா சலுகை காட்டுவது. பதனிட்ட தோல், நிலக்கடலை, தேயிலை முதலியவற்றுக்குப் பிரிட்டன் சலுகை காட்டுவது. இவை அதன் சாரம்.

நமது ஜில்லாவில் இதன் பலன் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது கவனிக்கத் தக்கது. பதனிட்ட மாட்டுத் தோலில் பெரும்பகுதியை வாங்கியது பிரிட்டன். ஆகவே தோல் ஷாப்புக்காரர்களுக்குச் சலுகை மெய்யான சலுகை. நிலக்கடலையின் கதை வேறு. கடலை போனது பெரும்பாலும் பிரான்ஸ் முதலிய ஐரோப்பியக் கண்டத்து நாடுகளுக்கு. விலை விழுந்து தவித்துக்கொண்டிருந்த குடியானவனுக்குப் பிரிட்டிஷ் சலுகை பெரிதாக ஒன்றும் தராது. கண்டத்து நாடுகள் கோபித்துக்கொண்டால் இருக்கும் சந்தையும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. இதிலே விசித்திரம் என்னவென்றால், ஒப்பந்தத்தால் லாபமடையக் கூடிய ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளில் மிகப் பலர் முஸ்லிம்கள். தனித் தொகுதி முறையால் அவர்களுடைய வோட்டு வேறு பெட்டியில் விழுந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைக் கழுவிய தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்குச் சொத்துத் தகுதி இல்லாததால் எந்தப் பெட்டியிலும் வோட்டில்லை. செட்டியாரின் தொகுதியில் மிஞ்சியவர்களோ கடலை விளைவிக்கும் குடியானவர்கள். நன்மை பெறுவோர் ஒரு பக்கமும், வோட்டுப் போடுவோர் மறு பக்கமுமாக நின்றனர்.

ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியில் டில்லி சட்டசபையின் முன் வந்தது. சுங்க விஷயத்தில் இந்திய சர்க்காரும் சட்டசபையும் ஒருமனப்பட்டால் லண்டன் தலையிடாது என்ற சம்பிரதாயம் 1921 முதல் நடைமுறையில் இருந்ததால், சபையின் சம்மதம் அவசியமாயிற்று. செட்டியார் தம் வாதத் திறமை முழுவதையும் உபயோகித்தார். பாதுகாப்புப் பெற்ற இந்தியத் தொழில்களுக்குப் பங்கம் இல்லை, ஆறு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம், ஒதுங்கி நின்றால் பிரிட்டிஷ் சந்தையில் நமது சரக்கே வரிக்கு இரையாகும் என்பன அவர் காட்டிய காரணங்கள். மூன்றும் அலட்சியம் செய்யத் தக்கவையல்ல. ஆம்பூர்க் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரியென்றே நாமும் கூறுவோம். சபை சம்மதித்தது.

ஆனால் அது எந்தச் சபை? 1930-ம் வருஷத் தேர்தலைக் காங்கிரஸ் பகிஷ்கரித்திருந்தது. ஒப்பந்தம் விவாதிக்கப்பட்டபோது காந்தியடிகளும் தேசத் தலைவர்கள் பலரும் சிறையில் இருந்தனர். தூதுக் கோஷ்டியை நியமித்தது ஜனங்களுக்குப் பொறுப்பில்லாத சர்க்கார். செட்டியார் பேரம் பேசத் தெரியாதவர் என்பதல்ல நமது குறை. யாருடைய முத்திரையை அவர் கையில் ஏந்திச் சென்றாரோ அந்த முத்திரைக்கு ஜனங்களின் அனுமதி இல்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதே மகாநாட்டுக்குத் தங்கள் சொந்த மந்திரிகளை அனுப்பின. அவர்கள் செய்தது தவறானால் அவர்களுடைய ஜனங்கள் மந்திரிசபையையே மாற்றிவிடலாம். இந்திய வோட்டருக்கு வைசிராயை மாற்ற வழியில்லை. எட்டிய தூரத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர் இருந்தார், அவரை மாற்றினார்கள்.

1933-ல் அவர் டில்லி சட்டசபையின் அக்கிராசனராகி, ஸர் பட்டமும் பெற்றார். 1934 நவம்பரில் காங்கிரஸ் மீண்டும் தேர்தல் களத்தில் இறங்கியபோது ஒட்டாவா என்ற சொல்லே அவருக்கு எதிரான பிரசாரமாயிற்று. காங்கிரஸ் அபேட்சகர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் அவர் தோற்றார். சபையின் அக்கிராசனரே சபைக்குத் திரும்ப முடியாமற் போயிற்று. அவர் அக்கிராசனராக இருந்த 1934-லேயே கச்சா மாட்டுத் தோலின் ஏற்றுமதி வரியும், அடுத்த வருஷம் ஆட்டுத் தோலின் வரியும் எடுபட்டன. கச்சாத் தோல் ஏற்றுமதி சரிந்தது காரணம். ஆக, லண்டன் வாசலில் சலுகை பெற்ற நமது ஷாப்புகள் இங்கே தங்கள் வாசலில் இருந்த சிறு வேலியையும் இழந்தன.

1936 மார்ச்சில் புதிய சட்டசபை, ஸ்ரீ ஜின்னா கொண்டுவந்த திருத்தத்தை ஏற்று, ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. பல விஷயங்களில் ஒருவரையொருவர் நம்பாத கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக வோட்டளித்தன. 1939-ல் அதற்குப் பதிலாக வந்த வர்த்தக ஒப்பந்தத்தையும் சபை நிராகரித்தது; வைசிராய் தம் விசேஷ அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார்.

இது அடிமை நாட்டுக்கு மட்டும் நேரும் விபத்தென்று நினைப்பதற்கில்லை. அன்று ஒட்டாவாவில் மேஜையின் தலைப்பில் அமர்ந்த பிரிட்டனே 1973-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. பிரஸ்ஸல்ஸில் ஆகும் விதிகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அதன் கட்சிகளை உள்ளுக்குள் பிளந்தது. 2016-ல் ஜன வாக்கெடுப்பு நடத்தி 2020-ல் வெளியேறிற்று. மந்திரிகள் வரிசையாக வீழ்ந்தனர். ஆம்பூருக்கும் இது தூரத்துச் செய்தியன்று. தோலைப் பூஞ்சணத்திலிருந்து காக்கும் ஒரு ரசாயனத்தையும், சில சாயங்களையும் ஜெர்மனி தடை செய்து, பிறகு அவை ஐரோப்பிய விதிகளானபோது, பாலாற்றங்கரை ஷாப்புகள் தங்கள் வேலை முறையை மாற்றிக்கொண்டன. அந்த விதியை வகுத்த சபையில் நமக்கு வோட்டில்லை.

தோல்விக்குப் பின் செட்டியார் 1935-ல் கொச்சி சமஸ்தானத் திவானாகி, 1941 வரை இருந்தார். துறைமுக வளர்ச்சியில் அவர் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 தேசங்கள் கூடிச் சர்வதேச நிதியையும் உலக பாங்கியையும் தோற்றுவித்தபோது இந்தியத் தூதுக் கோஷ்டியில் மீண்டும் அவரைக் காண்கிறோம். யுத்தச் செலவுக்காகப் பிரிட்டன் நம்மிடம் பட்ட கடன் ஸ்டெர்லிங் பாக்கியாக லண்டனில் குவிந்து கிடந்தது. அதைத் தீர்க்க நிதியில் வழி செய்ய வேண்டுமென இந்தியர்கள் கேட்டனர், கிடைக்கவில்லை. 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. ருஷ்யா சேராததால் பெரும் பங்குதாரர் ஐவரில் இந்தியாவும் ஒன்றாகி நிர்வாக சபையில் இடம் பெற்றது. இந்த நிதியின் கை பின்னாளில் நமது அரசியலிலும் பட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 7.50 ஆக்கியபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜரே அதை விரும்பவில்லை. தோல் ஏற்றுமதிக்காரருக்கு அது கசக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1947-ல் சுதந்தர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக நேருஜி தேர்ந்தெடுத்தது, காங்கிரஸால் தோற்கடிக்கப்பட்ட இந்த மனிதரைத்தான். நவம்பர் 26-ந் தேதி அவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் ஏழரை மாதங்களுக்கு வரவு 171 கோடியே 15 லட்சம், செலவு 197 கோடியே 39 லட்சம். 1948 கோடையில் லண்டன் சென்று ஸ்டெர்லிங் பாக்கியைப் பற்றி உடன்பாடு செய்து திரும்பினார். பாக்கியில் ஒரு பகுதி இங்கிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் பென்ஷனுக்கும், விட்டுச் சென்ற ராணுவத் தளவாடத்துக்கும் ஈடாகக் கழிக்கப்பட்டது. அதிலும் அதிருப்தி இருந்தது. ஆனால் இம்முறை கையெழுத்திட்டவர் ஜனங்களுக்குப் பொறுப்பான மந்திரிசபையின் அங்கத்தினர். பதவி போனது வேறு காரணத்தால். வருமான வரி விசாரணைக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் பொறுப்பேற்று ஆகஸ்டில் ராஜிநாமாச் செய்தார்.

பிறகு தமிழிசைக்கும் சிலப்பதிகார ஆராய்ச்சிக்கும் நேரம் செலவிட்டார். 1952-ல், தனித் தொகுதிகளும் சொத்துத் தகுதியும் ஒழிந்து வயது வந்தோர் அனைவரும் வோட்டளித்த முதல் பொதுத் தேர்தலின் காலத்தில், சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபையில் இடம் பெற்றார். அடுத்த வருஷம் மே மாதம் காலமானார்.