காயலை வயலாக்கிய முரிக்கன்

மரக்காணத்தை அடுத்த கழுவெளியைத் திண்டிவனம், வானூர்ப் பக்கத்து மக்கள் நன்றாக அறிவார்கள். மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். கோடையில் வெடித்த சேறும், வெள்ளையாகப் பூத்த உப்பும்.

அந்தத் தண்ணீரை எல்லாம் இறைத்துக் கொட்டிவிட்டு, அடியில் கிடக்கும் சேற்றில் நெல் விதைக்கப்போகிறேன் என்று ஒருவர் புறப்பட்டால் என்ன நினைப்போம்? வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைப்போம்!

கேரளத்தில் ஒருவர் அப்படித்தான் புறப்பட்டார். இறைத்தார். விதைத்தார். படகு படகாக நெல்லும் அறுத்தார். அவர் பெயர் முரிக்கன். மக்கள் அவரைக் "காயல் ராஜா" என்று அழைத்தார்கள். அந்த ராஜாவின் ராஜ்யம் கடைசியில் என்ன ஆயிற்று என்பது இன்னும் பெரிய கதை.

கடலுக்கும் கீழே

ஆலப்புழைக்குக் கிழக்கே இருக்கிறது குட்டநாடு. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சல் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி அங்கேதான் வந்து சேருகின்றன. அவை கொண்டுவரும் தண்ணீரை வாங்கிக்கொள்வது வேம்பநாட்டுக் காயல். காயல் என்றால் கடலை ஒட்டிக் கிடக்கும் பெரிய ஏரி. அதற்குக் கடலோடு தொடர்பு உண்டு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் புகும். கோடையில் உப்புத் தண்ணீர் ஏறும்.

நம் பக்கத்து விவசாயிக்குத் தண்ணீர் என்பது வரவேண்டிய பொருள். அது வராதா என்று வானத்தைப் பார்க்கிறான். வந்ததை விடக்கூடாது என்று ஏரிக்குக் கரை போடுகிறான். குட்டநாட்டு விவசாயிக்கோ தண்ணீர் போகவேண்டிய பொருள். அவனும் கரை போடுகிறான். ஆனால் தண்ணீர் கரைக்கு வெளியே நிற்கும். பயிர் உள்ளே நிற்கும். அந்த வயல்களில் பல, கடல் மட்டத்துக்கு ஆறு ஏழு அடி கீழே கிடக்கின்றன. கரைமேல் நின்று பார்த்தால், படகு மேலே போகும். நெல் கீழே ஆடும்!

இப்படிக் காயலைக் குறுக்கி வயலாக்கும் வேலை 19-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1903-ல் சென்னை சர்க்கார் குறுக்கிட்டு அதை நிறுத்தியது. காயலைத் தூர்த்தால் கொச்சித் துறைமுகம் மண் மேடிட்டுப் போகும் என்று வெள்ளைக்காரர்கள் பயந்தார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் தடை நீங்கியது. அதன் பிறகு பல குடும்பங்கள் காயலில் இறங்கின. அப்போது பிரித்த துண்டுகளுக்கு ஏ பிளாக், சி பிளாக், ஆர் பிளாக் என்று இங்கிலீஷ் எழுத்துக்களில் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

ஹாலந்து தேசத்தில் 1612-லேயே பீம்ஸ்டர் என்ற ஏரியைக் காற்றாடி யந்திரங்களால் இறைத்து வயலாக்கினார்கள். குட்டநாட்டில் காற்றாடி கிடையாது. கால்கள்தான் உண்டு. பல இலைகள் வைத்த பெரிய மரச் சக்கரம். அதற்குமேல் மூங்கில் சாரம். ஆட்கள் சாரத்தில் வரிசையாக உட்கார்ந்து மிதிக்க மிதிக்க, தண்ணீர் கரை தாண்டி விழும். இரவு பகலாக மிதிக்கவேண்டும். நிறுத்தினால் ஊற்றுத் தண்ணீர் மறுபடி ஏறிவிடும்.

வைக்கத்திலிருந்து வந்த குடும்பம்

முரிக்கன் என்பது குடும்பப் பெயர். அவர் பெயர் ஜோசப். அந்தப் பக்கத்தில் ஜோசப்பை அன்பாக ஔதச்சன் என்பார்கள். 1900-ம் ஆண்டு வைக்கம் தாலுகாவில் குலசேகரமங்கலம் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தீண்டாமையை எதிர்த்துப் பெரியார் சிறை சென்றாரே, அதே வைக்கம்தான். தந்தை காலத்தில் குடும்பம் குட்டநாட்டில் உள்ள காவாலத்துக்குக் குடிபெயர்ந்தது.

காவாலத்தில் வீட்டு வாசலிலேயே தண்ணீர். பள்ளிக்கும் படகு, கடைக்கும் படகு, கல்யாணத்துக்கும் படகு. 1924-ல் கேரளம் முழுவதையும் உலுக்கிய பெருவெள்ளம் வந்தபோது முரிக்கனுக்கு 24 வயது. ஆண்டுக்கணக்கில் கட்டிய கரைகளைத் தண்ணீர் எப்படித் தின்னும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

பிறகு சில காலம் நெல் விலை விழுந்து கிடந்தது. காயலில் பணத்தைக் கொட்ட யாரும் முன்வரவில்லை. போட்ட முதல் திரும்புமா என்பதே சந்தேகமாக இருந்தது.

ரங்கூன் அரிசி நின்றது

1939-ல் உலக யுத்தம் மூண்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவிலிருந்து தமிழர்கள் காடு மலை கடந்து நடந்தே ஊர் திரும்பியதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஆட்கள் திரும்பி வந்தார்கள், அரிசி வரவில்லை.

திருவாங்கூர் சமஸ்தானம் பர்மா அரிசியை நம்பி வாழ்ந்த நாடு. தென்னையும் மிளகும் ரப்பரும் அங்கே ஏராளம். ஆனால் அவற்றை உலையில் போட முடியுமா? ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். சித்திரைத் திருநாள் மகாராஜா அப்போது ஆட்சியில் இருந்தார். சர் சி. பி. ராமசாமி ஐயர் திவான். எங்கே முடியுமோ அங்கெல்லாம் நெல் விளையட்டும் என்று சமஸ்தானம் தீர்மானித்தது. காயலில் புதிதாக வயல் எடுக்க முன்வருபவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

முரிக்கன் முன்வந்தார். அவர் கேட்டது ஓரத்தில் கிடக்கும் சேற்று நிலம் அல்ல. அவையெல்லாம் முன்னமே மற்றவர்கள் எடுத்துவிட்டவை. மீதி இருந்தது ஆழமான நடுக்காயல். அலை அடிக்கும் இடம். காற்றுக்கு மறைவே இல்லாத இடம்.

தண்ணீருக்குள் கரை

நம் ஊரில் ஏரிக்கரை போடுவதற்குத் தரை இருக்கிறது. மண்ணைக் கொட்டி மிதித்தால் கரை எழும். நடுக்காயலில் எதன்மேல் கொட்டுவது?

முதலில் நீண்ட மூங்கில்களையும் மரக் கம்புகளையும் படகில் கொண்டுபோய், காயலின் அடித்தரையில் இரண்டு வரிசையாக அடித்து இறக்கினார்கள். வரிசைகளின் உட்பக்கம் மூங்கில் தட்டிகளை வைத்துக் கட்டினார்கள். இப்போது தண்ணீருக்குள் நீளமான ஒரு கூடு கிடைத்தது. அந்தக் கூட்டில் முதலில் மணல், அதன்மேல் தழையும் சுள்ளியும், அதன்மேல் களிமண். மறுபடி தழை, மறுபடி களிமண்.

அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? காயலின் அடியிலிருந்துதான். கூலியாட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார்கள். அடியில் கட்டியாக வெட்டிய மண்ணை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். படகில் போட்டார்கள். மறுபடி முங்கினார்கள். விடியற்காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவார்கள். தோல் ஊறி வெளுத்துப் போகும். தீண்டாதார் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த புலையர் மக்கள்தான் இந்த வேலையில் பெரும்பாலோர். ஆண்கள் முங்க, பெண்கள் மண் சுமந்தார்கள். கூலியில் பெரும்பங்கு நெல்லாகவே கிடைத்தது.

கரை நிற்காமல் சரிந்துகொண்டே இருந்த சமயம், ஒரு கூலியாளை உயிரோடு கரைக்குள் வைத்து மூடினார்கள் என்று குட்டநாட்டில் பழைய கதை ஒன்று உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்த வேலை எவ்வளவு கொடியது என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

சுற்றிலும் கரை எழுந்து வளையம் மூடிய பிறகுதான் இறைப்பு. அதற்கு இப்போது கால் சக்கரம் தேவைப்படவில்லை. பெட்டியும் பறையும் என்று ஒரு யந்திரம் குட்டநாட்டில் முன்னமே பழக்கத்துக்கு வந்திருந்தது. ஜார்ஜ் பிரண்டன் என்ற இங்கிலீஷ் இன்ஜினீயர் அமைத்தது அது. பறை என்பது பீப்பாய் போன்ற மரக் குழாய். அதற்குள் இலைகள் வைத்த தண்டு சுழலும். சுழலும் வேகத்தில் தண்ணீர் மேலே ஏறி, பெட்டி வழியாகக் கரைக்கு வெளியே பாயும். தச்சனே செய்து, தச்சனே பழுது பார்க்கலாம் என்பது அதன் பெருமை. முதலில் எண்ணெய் என்ஜின் அதைச் சுழற்றியது. 1940-ல் பள்ளிவாசலில் மின்சார உற்பத்தி தொடங்கியது. பிறகு காயலுக்கும் மின் மோட்டார் வந்து சேர்ந்தது.

தண்ணீர் வடிய வடியக் கறுத்த சேறு தெரிந்தது. குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் வெட்டினார்கள். முளைகட்டிய விதையை வீசினார்கள்.

1940-களின் முற்பகுதியில் இப்படி மூன்று காயல்கள் வயல்களாயின. முதலாவதற்கு மகாராஜாவின் பெயரால் சித்திரை என்று பெயர் வைத்தார் முரிக்கன். மற்றொன்றுக்கு இளவரசர் பெயரால் மார்த்தாண்டம். மூன்றாவது ராணி, அது மகாராஜாவின் தாயாரைக் குறிக்கும். மூன்றும் சேர்ந்து 1,500 ஏக்கருக்கு மேல்!

தூக்கம் இல்லாத ராஜா

ராஜா என்றதும் சிம்மாசனம் நினைவுக்கு வரும். காயல் ராஜாவுக்குத் தூக்கமே கிடையாது. தென்மேற்கு மழை ஓய்ந்ததும் கரையைச் செப்பனிட்டுத் தண்ணீரை இறைக்கவேண்டும். கோடை உப்பு ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும். நடுவில் கரை ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் போதும். அதை அங்கே மடை வீழ்ச்சி என்கிறார்கள். ஒரு முழ அகலத்தில் கசியத் தொடங்கும் தண்ணீர், சில மணி நேரத்தில் அத்தனை ஏக்கரையும் மூடிவிடும். விதைநெல், கூலி, கடன் எல்லாம் தண்ணீருக்குள்! 2024 டிசம்பர் முதல் தேதி மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்று இரவு ஏரிக்கரைகளில் நின்றவர்களுக்கு இந்தப் பயம் என்னவென்று தெரியும். குட்டநாட்டில் அது ஆண்டு தவறாமல் வரும் பயம்.

சித்திரைக் காயலின் கரைமேல் முரிக்கன் ஒரு மாதா கோயில் கட்டினார். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் வயல்.

யாருடைய நிலம்?

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். சமஸ்தானம் மறைந்தது. 1956-ல் கேரளம் தனி ராஜ்யமாயிற்று.

அதற்குள் வயலில் முங்கியவர்கள் சங்கம் கண்டிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், வேலைநேரம் கேட்டார்கள். பிறகு நிலத்தையே கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கரையில் உள்ள ஒவ்வொரு கட்டிக் களிமண்ணும் யாரோ ஒருவன் மூச்சை அடக்கிக் கொண்டுவந்தது. முரிக்கன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் குடியானவனிடம் பிடுங்கிய நிலம் அல்ல அது. அவர் இறங்குவதற்கு முன் அங்கே நிலமே இல்லை; மீன்தான் இருந்தது. கரை உடைந்திருந்தால் மூழ்கியிருப்பது அவர் பணம்.

1970 ஜனவரி முதல் தேதி கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் முழு வேகத்துடன் அமலுக்கு வந்தது. ஒரு குடும்பம் எவ்வளவு பெரியதானாலும் இருபது ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் சட்டத்தில் விலக்கு இருந்தது. காயல் நெல்லுக்கு இல்லை. மலைமேல் இருந்த பெரிய தோட்டங்கள் தப்பின. பஞ்ச காலத்தில் சோறு போட்ட வயல் தப்பவில்லை. இது விசித்திரமான கணக்குத்தான்.

சித்திரை, மார்த்தாண்டம், ராணி மூன்றையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பங்கிட்டது. பரம்பரை பரம்பரையாகப் பிறர் வயலில் நின்றவர்களின் பெயரில் பட்டா எழுதப்பட்டது. 1974 டிசம்பர் 9-ந் தேதி முரிக்கன் காலமானார்.

பங்கிட முடியாத கரை

நிலத்தைப் பங்கிடலாம். கரையைப் பங்கிட முடியுமா? ஒருவன் துண்டுக்கு எதிரே கரை உடைந்தால் எல்லோருடைய பயிரும் போகும். இறைப்பதென்றால் மொத்தமாகத்தான் இறைக்கவேண்டும். பட்டா வாங்கியவர்கள் ஏழைகள். கரை கட்டவும் மோட்டார் ஓட்டவும் அவர்களிடம் முதல் ஏது? நிலத்தோடு முதலையும் கொடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கரைகள் சரிந்தன. காயல் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நெல் ஆடிய இடத்தில் பல ஆண்டுகள் தண்ணீர் நின்றது.

காயலுக்கும் நஷ்டம் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குறுக்கியதில் வேம்பநாடு மிகவும் சுருங்கிப் போயிற்று. உப்பைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பு, நெல்லுக்கு உதவியது. மீனுக்கு வழியை அடைத்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது, தண்ணீர் நிற்க இடமில்லாமல் செய்துவிட்டோமே என்று பலர் வருந்தினார்கள். நம் கழுவெளியைச் சர்க்கார் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்துக் காப்பாற்றுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனாலும் குட்டநாட்டின் கதை நின்றுவிடவில்லை. 2013-ல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம், கடல் மட்டத்துக்குக் கீழே செய்யும் குட்டநாட்டு விவசாயத்தை உலகம் போற்றிக் காக்கவேண்டிய முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. முரிக்கனின் காயல்களிலும் சர்க்கார் உதவியுடன் கரைகளைத் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை தனி ஒருவர் அல்ல. முங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சேர்ந்து இறைத்தார்கள். சித்திரைக் காயலில் தண்ணீர் வடிந்து, பழைய கறுத்த சேறு மறுபடி வெயிலைப் பார்த்தது. அதில் விதை வீசினார்கள்.