மைசூர் ஓலைக்கட்டில் கிடைத்த புதையல்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் நம்மவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மாலை வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். ஜூபிலி ஹால் பக்கம் எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். விக்டோரியா மகாராணியின் 1887-ஆம் ஆண்டுப் பொன்விழா நினைவாக எழுந்த கட்டடம் அது. மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1891-ல் தொடங்கி வைத்த கீழ்த்திசை நூலகம் அங்கேதான் இயங்கியது. 1905-ஆம் ஆண்டில் அந்த நூலகத்தில் இருந்த ஓர் ஓலைக்கட்டு, இந்திய சரித்திரத்தையே திருத்தி எழுத வைத்தது. அதைப் படித்து உலகுக்குச் சொன்னவர் ருத்ரபட்டணம் சாமா சாஸ்திரி.

ஹாஸன் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள சிற்றூர் ருத்ரபட்டணம். சாஸ்திரி அங்கே 1868-ல் பிறந்தார். அவர் சங்கேதி வகுப்பைச் சேர்ந்தவர். அவ்வகுப்பாரின் முன்னோர் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்னட நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் தமிழும் மலையாளமும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். அந்த வகையில் சாஸ்திரி நமக்குத் தூரத்து உறவினர் என்று உரிமை கொண்டாடிக் கொள்ளலாம்.

மைசூர் சம்ஸ்கிருத பாடசாலையில் படித்து வித்வத் பட்டம் பெற்றவர், அத்துடன் நிற்கவில்லை. ஆங்கிலம் கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தையும் பெற்றார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளும் கற்றார். அக்கால வைதீகக் குடும்பங்களில் இது சாதாரண விஷயம் அல்ல. பழைய படிப்பும் புதிய படிப்பும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பதைக் கவனித்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். கப்பன் பூங்காவில் இன்றும் சிலையாக நிற்கும் அதே சேஷாத்ரி ஐயர்தான். அவருடைய ஆதரவில் சாஸ்திரிக்குக் கீழ்த்திசை நூலகத்தில் நூலகர் வேலை கிடைத்தது.

நூலகர் வேலை என்றதும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என்று நினைத்துவிடக் கூடாது. கிராமங்களிலும் மடங்களிலும் கிடந்த ஓலைச்சுவடிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேர்ந்தன. பூச்சி அரித்தவை, ஓரம் ஒடிந்தவை, தலைப்பே இல்லாதவை, இரண்டு நூல்களின் ஏடுகள் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டவை என்று எல்லாம் கலந்திருக்கும். தூசு தட்டி, தைலம் பூசி, எழுத்து தெரிய வைத்து, இது இன்ன நூல் என்று கண்டுபிடித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குமாஸ்தா வேலைதான், ஆனால் பதிவேட்டில் ஒரு வரி தவறினால் ஒரு நூலே தொலைந்து போகும். அதன் அருமை பேரேடு எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் நூலகத்தில் ஒரு சுவடியைக் கொடுத்திருந்தார். கிரந்த லிபியில் எழுதப்பட்டது. கூடவே பட்டசுவாமி என்பவர் எழுதிய உரையின் ஒரு பகுதியும் இருந்தது. மற்றக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்த இதை சாஸ்திரி பொறுமையாகப் படித்தபோதுதான், அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று விளங்கியது.

அந்தப் பெயர் அறிஞர்களுக்குப் புதியது அல்ல. தண்டி, பாணர் போன்ற பழைய ஆசிரியர்கள் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். காமந்தகரின் நீதிநூல் அதையே ஆதாரமாகக் கொண்டது. ஆனால் மூலநூல் அழிந்துவிட்டது என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். இந்தியர்களுக்கு வேதாந்தம் தெரியும், ஆட்சி நடத்தும் சாஸ்திரம் தெரியாது என்று மேல்நாட்டார் பலர் தீர்ப்பே எழுதி வைத்திருந்த காலம் அது. அன்னியர் ஆட்சிக்கு அந்தத் தீர்ப்பு வசதியாகவும் இருந்தது.

சாஸ்திரி சுவடியைப் படியெடுத்து, பிழை பார்த்து, 1909-ல் மூலத்தை அச்சிட்டார். ஆங்கில மொழிபெயர்ப்பைச் சிறிது சிறிதாகப் பத்திரிகைகளில் வெளியிட்டு, 1915-ல் முழு நூலாகக் கொண்டுவந்தார். கல்வெட்டு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பிளீட் அதற்கு முன்னுரை எழுதினார்.

நூலில் 15 அதிகரணங்கள், 150 அத்தியாயங்கள். அரசன், மந்திரி, ஒற்றர், கோட்டை, யுத்தம் இவை மட்டுமா? சுங்கச்சாவடி, எடைக்கல், சுரங்கம், நெசவு, யானை லாயம், கள்ளுக்கடை என்று எதையும் விடவில்லை. அரசாங்கப் பணத்தை ஊழியர்கள் கையாடக்கூடிய வழிகள் மொத்தம் 40 என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார் கௌடில்யர். வந்த பணத்தை வரவில்லை என்று எழுதுவது, ஒருவர் கட்டியதை இன்னொருவர் பெயரில் காட்டுவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தணிக்கைக்கு வருகிற அதிகாரிகள் இதைப் படித்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு!

நூல் வெளிவந்ததும் சர்ச்சை கிளம்பியது. சந்திரகுப்த மௌரியரின் மந்திரியான சாணக்கியர் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதியது என்பது சாஸ்திரியின் முடிவு. ஜெர்மானிய அறிஞர் ஜாலி முதலானோர் அதை மறுத்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர், நூல் இன்றைய உருவம் பெற்றது கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில்தான் என்று கருதுகிறார்கள். காலம் எதுவானாலும், ஓலையைக் கண்டெடுத்தவரின் உழைப்புக்கு இதனால் குறைவு இல்லை. பின்னர் பிற சுவடிகளும் கிடைத்து, திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியும் பம்பாயில் காங்களேயும் திருத்தமான பதிப்புகள் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் தனியாக நடந்தவர் மைசூர்க்காரர்தான்.

1912 முதல் 1918 வரை சாஸ்திரி நம் பெங்களூரில், சாமராஜேந்திர சம்ஸ்கிருத பாடசாலையின் தலைவராக இருந்தார். பிறகு மைசூர் நூலகத்துக்கே திரும்பினார். சமஸ்தானத் தொல்பொருள் ஆராய்ச்சி இலாகாவின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றுக் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். 1929-ல் ஓய்வு பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகம் 1921-ல் டாக்டர் பட்டம் அளித்தது. இந்திய அரசாங்கம் மகாமகோபாத்தியாய என்ற விருதைக் கொடுத்தது.

மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஜெர்மனி சென்றிருந்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் அவரைச் சாமா சாஸ்திரியின் மைசூரிலிருந்து வந்தவரா என்று விசாரித்தார்களாம். ஊர் திரும்பிய மகாராஜா சாஸ்திரியை அழைத்து, மைசூரில் தாம் ராஜா என்றாலும் ஜெர்மனியில் அவர்தான் ராஜா என்று பாராட்டியதாக ஒரு கதை மைசூரில் வழங்குகிறது. நடந்ததோ என்னவோ, அப்படி ஒரு கதை எழுந்ததே பெரிய மரியாதை.

1943-ல் நூலகம் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று புதுப்பெயர் பெற்றது. மறு ஆண்டு, 1944-ல் சாஸ்திரி காலமானார். அவர் பெயர் இன்று அர்த்தசாஸ்திரத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்த ஓலையைக் காப்பாற்றிக் கொண்டுவந்து கொடுத்தவரோ, பழைய குறிப்புகளில் தஞ்சாவூர் ஜில்லா பண்டிதர் என்ற அளவில்தான் இருக்கிறார்.